குட்டி கேட்டுப் போனோம், தள்ளை வந்தது: குலசேகரம் பக்கம் ஒரு சிப்பிப்பாறை வளர்ப்பு வீடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிப்பிப்பாறை என்ற வேட்டை நாய் இனத்தை வளர்த்துக் குட்டி கொடுக்கும் இந்த வீட்டுக்குப் போர்டு கிடையாது, இன்ஸ்டாகிராம் கணக்கு கிடையாது. பெயரையும் நம்பரையும் எங்கேயும் போடக் கூடாது என்பது வீட்டுக்கார அக்காவின் உத்தரவு. "இப்பமே ஆளுவ விளிச்சு விளிச்சு காது போச்சு" என்கிறார். அதனால் குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் பக்கம், ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் உள்ள ஒரு வீடு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்தப் பக்கத்தில் நாய் வளர்ப்பவர்கள் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு நாலரை. அந்த அரை மார்க் எங்கே போனது என்று பிறகு சொல்கிறேன்.

ஊரில் "அந்த அண்ணன்கிட்ட நல்ல நாய் உண்டு" என்றுதான் பேச்சு. அண்ணன் விடியும் முன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போகிறவர். நாய்களைப் பற்றி அவரிடம் ஏதாவது கேட்டால் சிரித்துக்கொண்டே ரப்பர் ஷீட் அடிக்கப் போய்விடுவார். நாய்க்குச் சோறு, மருந்து, எதை எதோடு இணை சேர்ப்பது, யாருக்குக் குட்டி கொடுக்கலாம், யாரை வாசலோடு அனுப்பலாம் என்ற தீர்ப்பு எல்லாமே அக்காவுடையது. நான் முந்திரி ஆலையில் கணக்கு எழுதுகிறவள். நோட்டைப் பார்த்தால் எழுதினவர் எப்படிப்பட்டவர் என்று ஓரளவு தெரிந்துவிடும். அக்கா நாய் ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். அடித்தல் திருத்தல் உண்டு, ஆனால் விட்டுப்போன தேதி இல்லை. எனக்கு ஆளைப் பிடித்துப்போனது அங்கேதான்.

எங்களுக்கு நாய் ஆசை வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்பதாவது படிக்கும் என் மகனுக்கு ஹஸ்கி வேண்டும். நீலக்கண், வெள்ளை முகம், பனியில் ஓடும் வீடியோ. கருங்கல் பக்கம் பனிக்கு எங்கே போக? பங்குனி வெயிலில் நமக்கே மூச்சு முட்டுகிறது. அடியில் ஒன்று, மேலே ஒன்று என்று இரட்டைக் கம்பளி போர்த்திய நாய் என்ன பாடுபடும்? தமிழக அரசு 2024-ல் கொண்டுவந்த நாய் இனப்பெருக்கக் கொள்கையில், இந்தத் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராதவை என்று 11 வெளிநாட்டு இனங்களை இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்ற பட்டியலில் சேர்த்திருந்தார்கள். ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு, பக், சௌ சௌ எல்லாம் அதில் இருந்தன. இதை மகனிடம் காட்டியும் அவன் முகம் தொங்கியேதான் இருந்தது.

அவனை அடக்கியது சட்டம் இல்லை, என் கொழுந்தன் வாங்கிய குட்டி. ஆன்லைனில் படம் பார்த்து, பணத்தைப் போட்டு, எங்கிருந்தோ இரவு பஸ்சில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வந்தது. இரண்டு மாதம் என்று சொன்னார்கள். டாக்டர் பல்லைப் பார்த்துவிட்டு ஐந்து வாரம்கூட இருக்காது என்றார். வந்த வாரத்திலேயே வாந்தி, அப்புறம் ரத்தமாக வயிற்றுப்போக்கு. பார்வோ என்ற குடல் கிருமி நோய். டிரிப் ஏற்றியும் நிற்கவில்லை. விற்றவன் நம்பரை பிளாக் செய்துவிட்டான். அந்தக் குட்டியின் தாய் எங்கே, எப்படி இருக்கிறது என்று நாங்கள் யாருமே கேட்டிருக்கவில்லை என்பது குழி தோண்டும்போதுதான் பேச்சில் வந்தது.

சரி, அக்கா கதைக்கு வருகிறேன். தோவாளையில் பூ வியாபாரம் செய்யும் என் தம்பிக்கும் நாய் வேண்டும் என்று இருந்தது. அவன்தான் இந்த இடத்தைக் கண்டுபிடித்தான். இரண்டு பேரும் ஒன்றாகப் பெயர் கொடுத்தோம். பெயர் கொடுப்பதென்றால் பணம் கட்டி ரசீது வாங்குவது என்று நினைத்திருந்தேன். அக்கா முன்பணமே வாங்கவில்லை. போனில் கேள்வி கேட்டார்.

"மதில் எத்தன அடி? முள்கம்பி உண்டுமா? பகல்ல வீட்டுல ஆரு இருப்பா? கோழி வளக்கியளா? பக்கத்து வீட்டுல கோழி உண்டா? நாய எங்க கிடத்துவிய? வேட்டைக்கா?"

ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் இருந்தது, பிறகு போனபோது தெரிந்தது. சிப்பிப்பாறை ஓடுகிற நாய். ஓடுவதைக் கண்டால் கண் அதிலேயே நிற்கும். கோழியும் பூனையும் அதற்கு முயல்தான். தோல் மெல்லியது, முள்கம்பியில் உரசினால் துணிபோலக் கிழியும். நாலடி மதிலை நின்ற இடத்திலிருந்தே தாண்டும். வேட்டைக்கு என்று யாராவது வாய் திறந்தால் அக்கா போனை வைத்துவிடுவார். மலையோரம் என்பதால் பன்றிக்கும் முயலுக்கும் நாய் தேடி வருகிறவர்கள் உண்டு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-லேயே வந்தாகிவிட்டது. முயலை அடித்தாலும் வழக்குதான். "நாயும் சாவும், இவன் ஜெயிலுக்கும் போவான். ரெண்டும் எனக்கு வேண்டாம்" என்பது அவர் வாதம்.

என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். அவரையும் வாட்ஸ்அப்பில் கூப்பிடச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். வீட்டில் ஒராளுக்குப் பிடிக்காமல் போகிற நாய் வருஷம் முடிவதற்குள் திரும்பி வரும் என்று சொன்னார். என் மாமியாரிடமும் தனியாகப் பேசினார். "பொண்ணு பாக்க வந்தவளுவகூட என்ன இம்புட்டு கேக்கல" என்று மாமியார் இரண்டு நாள் புலம்பினார்கள்.

ஓணத்தின்போது பெயர் கொடுத்தோம். குட்டி பிறந்தது தைப் பொங்கல் கழிந்துதான். இடையில் ஒன்றுமே நடக்கவில்லை, அதுதான் காத்திருப்பு. அக்காவிடம் அப்போது இணை சேர்க்கும் வயதில் இருந்த பெட்டை இரண்டு. ஒரு பெட்டைக்கு வருஷத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் கிடையாது. முதல் இரண்டு பருவத்தையும் விட்டுவிடுவார். பருவம் வந்ததும் விடுவதில்லை, முதலில் டாக்டர் பார்க்க வேண்டும். கிடா நாய் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து. அதன் சொந்தக்காரரிடம் புருசெல்லா ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கேட்டு வாங்குகிறார். அது கருவைக் கலைக்கிற கிருமி, மனிதருக்கும் தொற்றும். பக்கத்து ஊரிலேயே நல்ல கிடா ஒன்று இருக்கிறது, பெட்ரோல் செலவில்லாமல் முடிந்திருக்கும். "அது இவளுக்கு அண்ணன் மொறை" என்று நோட்டைத் திறந்து காட்டினார். மூன்று தலைமுறைக்கு யார் அப்பா, யார் அம்மா என்று எழுதியிருக்கிறது. கேசிஐ, அதாவது இந்தியக் கென்னல் கிளப் பேப்பரும் இருக்கிறது, ஆனால் அதைப் பெரிதாக எடுத்துப் பேசவில்லை. அந்தப் பேப்பர் குலம் கோத்திரம் சொல்லும், உடம்பு நன்றாக இருக்கிறதா என்று சொல்லாது.

குட்டிகளைப் பார்க்க அழைத்தது கண் திறந்து, நடக்க ஆரம்பித்து, முதல் ஊசியும் போட்ட பிறகுதான். அதற்கும் நிபந்தனை. அன்று வேறு நாய் இருக்கும் வீட்டுக்கோ கால்நடை ஆஸ்பத்திரிக்கோ போயிருக்கக் கூடாது. வாசலில் பிளாஸ்டிக் தாம்பாளத்தில் பிளீச்சிங் பவுடர் தண்ணீர். செருப்பை வெளியே விட்டு, காலை அதில் நனைத்து, அவர்கள் கொடுக்கும் செருப்பைப் போட்டுக்கொண்டு போக வேண்டும். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், சோப்புக்கும் டெட்டாலுக்கும் அசையாது, பிளீச்சிங்குக்குத்தான் சாகும். கொழுந்தன் வீட்டு முற்றம் கண்முன் வந்தது. நான் இரண்டு முறை நனைத்தேன்.

நாய்கள் இருக்கும் இடம் வீட்டின் பின்னால். ஷீட் அடிக்கும் ரோலரும் ஆசிட் கன்னாசும் மறுபக்கம் தனியாக, நடுவில் கதவு போட்டு. ஓட்டுக் கூரை, உயர்த்திக் கட்டிய சிமெண்ட் தரை, மழைத் தண்ணீர் ஓட ஓடை. நாற்றம் இல்லை என்று சொல்ல மாட்டேன், ரப்பர் ஷீட் காயும் வீட்டில் அது நடக்காது. நாய் நாற்றம் இல்லை.

தள்ளையை, அதாவது தாய் நாயைப் பற்றி எழுதாமல் போனால் இந்த விமர்சனத்துக்கே அர்த்தமில்லை. மான் நிறம், நீண்ட முகம், இடுப்பு கைக்குள் அடங்கும். நாங்கள் உள்ளே போனதும் எழுந்து வந்தாள். முதலில் தம்பியின் கையை, அப்புறம் என் சேலை முனையை மோந்து பார்த்தாள். வாலைக் கொஞ்சம்போல ஆட்டினாள், திரும்பிப் போய்ப் படுத்தாள். குரைக்கவில்லை, ஒளியவில்லை, பல்லைக் காட்டவில்லை. நகம் வெட்டியிருந்தது. பால் கொடுத்து விலா தெரிந்தாலும் கண் பளிச்சென்று இருந்தது. குட்டிக்குத் தாய் கொடுப்பது பாலை மட்டும் இல்லை. பயந்த தள்ளையின் குட்டி பயந்துதான் வளரும். தாயைக் காட்டாமல், "அது வேற தோட்டத்தில நிக்குது" என்று குட்டியை மட்டும் கையில் தருகிறவர்களிடம் வேறு எதையும் விசாரிக்கவே தேவையில்லை.

பிரசவப் பெட்டி பலகையில் அடித்தது. உள்ளே நாலு பக்கமும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து கொஞ்சம் உயரத்தில் ஒரு சட்டம் ஓடுகிறது. எதற்கு என்று கேட்டேன். தாய் சுவரோடு சாய்ந்து படுக்கும்போது பின்னால் மாட்டுகிற குட்டி நசுங்காமல் இந்த இடைவெளிக்குள் தப்பிக்கும். அண்ணன் அடித்த பெட்டி. அவரைப் பற்றி இந்த விமர்சனத்தில் வரும் ஒரே பாராட்டு இது, வாங்கிக்கொள்ளட்டும்.

குட்டிகள் கழுத்தில் வெவ்வேறு நிறக் கம்பளி நூல். தினமும் காலையில் அடுக்களைத் தராசில் எடை போட்டு எழுதியிருக்கிறார். பச்சை நூலுக்கு ஒரு நாள் எடை கூடவில்லை. பக்கத்தில் "கடைசி முலை மாற்றி விட்டேன்" என்று குறிப்பு. பூச்சி மருந்து இரண்டாவது வாரத்திலேயே தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. குட்டிக்குக் குடற்புழு தாயின் வயிற்றிலிருந்தும் பாலிலிருந்துமே வந்துவிடுமாம், வெளியே மண்ணை நக்க வேண்டும் என்றில்லை. அந்தப் புழு குழந்தைகளுக்கும் வரும் என்பதால் என் மகளின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வைத்துத்தான் வெளியே விட்டார்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது உள்ளே குக்கர் விசில் அடித்தது. ஒரு குட்டி தலையைத் தூக்கியது, மற்றவை அசையவே இல்லை. அக்கா வேண்டுமென்றே அடுக்களையை ஒட்டிய அறையில் வைத்திருக்கிறார். மிக்சி, பைக், பக்கத்துக் கோயில் ஸ்பீக்கர், பள்ளிக்கூட வேன் எல்லாம் காதில் விழ வேண்டும். மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை பார்த்துப் பழகியதற்கு நாய் பிறகு பயப்படாது. தினமும் ஒவ்வொரு குட்டியையும் மடியில் போட்டு, பாதத்தைப் பிடித்து, காதைத் தூக்கிப் பார்த்து, வாயைத் திறந்து பார்க்கிறார். பிற்பாடு டாக்டரிடம் போகும்போது அது கடிக்காமல் இருப்பதற்கான பாடம் அது.

இதே இடத்தில் முன்பு ராஜபாளையம் வளர்த்தாராம். ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். முழு வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு என்று எல்லோரும் கேட்பது அழகுக்காக. நிறமிக் குறைவோடு காது கேளாமையும் சேர்ந்து வருவது அந்த இனத்தில் உண்டு. ஒரு ஈத்தில் அப்படிப் பிறந்த குட்டிகளை விற்காமல் தானே வைத்து வளர்த்திருக்கிறார். ஒன்று இன்னமும் இருக்கிறது, கைச்சாடைக்கு வருகிறது. நீங்கள் யாராவது ராஜபாளையம் குட்டி பார்க்கப் போனால், அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காலால் தரையைத் தட்டாதீர்கள், அதிர்வு தெரிந்து திரும்பிவிடும். கூட்டமாக இருக்கும்போது செய்தாலும் மற்றதைப் பார்த்துத் திரும்பும். ஒவ்வொன்றாகத் தனியே செய்ய வேண்டும். அக்கா சொல்லித் தந்தது.

இனி தீர்ப்பு. தம்பிக்குக் குட்டி உண்டு, எனக்கு இல்லை.

தம்பியின் பூ வேலை விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறும்போது முடிந்துவிடும். வீட்டில் மனைவி, பெரிய மதில், பின்னால் விளை என்கிற தோப்பு. எனக்கு அப்படி இல்லை. காலையில் ஆலைக்குப் போனால் சாயங்காலம்தான். பிள்ளைகள் பள்ளிக்கூடம். மாமியாருக்கு முட்டுவலி. "ரெண்டு மாசக் குட்டிக்கு நாலு நேரம் தீனி, மணிக்கொருக்க மூத்திரம். அந்த அம்மைக்க முட்டு தாங்குமா? கெட்டித்தான் போடுவிய. கெட்டிப்போட்ட சிப்பிப்பாற கடிக்கும், பொறவு என்ன பழி சொல்லுவிய." பதில் சொல்ல ஒன்றுமில்லை. மகன் அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவளிடம் இல்லை என்று சொல்லும் வியாபாரத்தை அன்றுதான் பார்த்தேன்.

அப்புறம்தான் மயிலியைக் கூட்டி வந்தார். ஐந்து வயதுப் பெட்டை, மூன்று ஈத்து முடிந்தது. இனி இணை சேர்ப்பதில்லை என்று முடிவு செய்திருந்தார். 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளில் ஒரு பெட்டைக்கு வாழ்நாளில் ஐந்து ஈத்து வரை, எட்டு வயது வரை என்று எல்லை வைத்திருக்கிறார்கள். ஒன்றரை வயதுக்கு முன்னால் கூடாது. "சட்டம் அஞ்சுக்கு விடும். எனக்கு மூணுக்கு மேல மனசு வரல்ல" என்றார் அக்கா. வயதான நாயா என்று நான் தயங்கியதைப் பார்த்துவிட்டு, இந்த இனம் நன்றாகப் பார்த்துக்கொண்டால் பன்னிரண்டு, பதிமூன்று வரை இருக்கும் என்றார். வெளிக்குப் போகிற பழக்கம் படிந்தது, பகலில் தூங்கும், செருப்பைக் கடிக்காது. எங்கள் வீட்டுக்கு ஏற்ற நாய் அதுதான் என்று வாதாடினார். வேறு இடங்களில் ஈத்து ஓய்ந்த தள்ளைகள் என்ன ஆகின்றன என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

கருத்தடை ஆபரேஷன் முடித்துத்தான் கொடுத்தார். கருத்தடை செய்யாத பெட்டைக்குப் பிற்காலத்தில் கர்ப்பப்பையில் சீழ் கட்டும் அபாயம் உண்டு, அதற்கு இதுதான் முடிவு. ஒல்லி இனங்களுக்குச் சில மயக்க மருந்துகள் உடம்பில் நெடுநேரம் தங்கிவிடும். கொழுப்பு இல்லாத உடம்பு. அதனால் எந்த டாக்டரிடம் போனாலும் வேட்டை நாய் என்று முதலில் சொல்ல வேண்டும் என்று தாளில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுக் கொடுத்தார்.

பணக் கணக்கு. தம்பியின் குட்டி 12,000 ரூபாய். அதில் முதல் ஊசி, பூச்சி மருந்து, மைக்ரோசிப் எல்லாம் சேரும். 2,000 ரூபாயைக் கருத்தடைச் சான்று காட்டும்போது திருப்பித் தருவார். எனக்கு மயிலிக்கு விலை இல்லை, ஆபரேஷன் செலவில் பாதி 3,000 கொடுத்தேன். இரண்டு பேருக்கும் முத்திரைத்தாளில் ஒப்பந்தம். முக்கியமான வரி: எந்தக் காரணத்தால் வளர்க்க முடியாமல் போனாலும், எத்தனை வருஷம் ஆனாலும், வேறு யாருக்கும் கொடுக்காமல் அவரிடமே திருப்பிக் கொண்டுவர வேண்டும். மூன்று நாளுக்குள் நம் டாக்டரிடம் காட்ட வேண்டும். கோளாறு கண்டால் பணமோ குட்டியோ, நம் விருப்பம். மலிவு இல்லை. ஆன்லைனில் பாதி விலைக்குச் சிப்பிப்பாறை கிடைக்கும். கொழுந்தனின் குட்டிக்கு ஆஸ்பத்திரியில் மட்டும் எவ்வளவு ஆனது என்று நான் கூட்டிப் பார்த்தேன், அந்தப் பாதி மிச்சம் எங்கேயோ போய்விட்டது.

மாநில விலங்குகள் நல வாரியத்தின் பதிவுச் சான்று கூடத்துச் சுவரில், மாதா படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியது; தேதியைப் பார்த்தேன், செல்லுபடியில்தான் இருக்கிறது. நாய் விற்கும் எவரிடமும் இந்தச் சான்றைக் கேட்கலாம், கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். எட்டு வாரத்துக்கு முன்னால் குட்டியைக் கொடுப்பதும் அந்த 2017 விதிப்படி தப்பு. தம்பி சித்திரை விஷுவுக்கு முன்னால் தரச் சொல்லி நச்சரித்துப் பார்த்தான். நாலு நாள் குறைகிறது என்று அக்கா அசையவில்லை. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று குட்டி கற்பது கூடப்பிறந்ததைக் கடித்து, அது கத்தும்போதுதான். அந்தப் பாடத்தை நம்மால் வீட்டில் எடுக்க முடியாதாம்.

தம்பி வீட்டுக் குட்டி இப்போது வளர்ந்து, ஆரல்வாய்மொழிக் காற்றில் விளை முழுக்கப் பறக்கிறது. எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துத்தான் ஊசி போட வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தார். நம் பக்கத்தில் இரண்டு மழையும் பெய்து வயலும் வாய்க்காலும் எப்போதும் நனைந்து கிடப்பதால் அதை விடக் கூடாது. மூன்று மாதத்தில் வெறிநாய் ஊசியும் போட்டான்.

மயிலி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் சில நாட்கள் நன்றாக இல்லை. கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள், சோறு தொடவில்லை. அக்காவை விளித்தேன். அவர் கொடுத்துவிட்டிருந்த பழைய சாக்கை அவள் பக்கத்தில் போடச் சொன்னார். ஆரும் குனிஞ்சு பாக்காண்டாம், கெஞ்சாண்டாம் என்றார். மாமியார் அதைக் கேட்காமல் சாளைக்கறிச் சட்டியைக் கழுவும் முன் முள் எடுத்த மீன் துண்டு ஒன்றைத் தரையில் வைத்துவிட்டுப் போனார்கள். எது வேலை செய்தது என்று தெரியவில்லை. இப்போது பகல் முழுக்க மாமியாரின் கட்டில் காலோடு சேர்ந்து படுத்திருக்கிறாள், சாயங்காலம் மகனோடு ஓட்டம். பக்கத்து வீட்டுக் கோழிப் பிரச்சினை தீரவில்லை. வேலிக்கு வலை அடித்தோம். ஒரு சேவலுக்கு நான் பணம் கொடுத்திருக்கிறேன். அக்கா முன்பே கேட்ட கேள்வி அது.

உண்ணி பெரிய தொல்லை. மழைக்காலம் முடிந்ததும் புல்லிலிருந்து ஏறும். உண்ணிக் காய்ச்சல் வந்தால் ரத்தத் தட்டணுக்கள் குறைந்துவிடும், மூக்கில் ரத்தம்கூட வரும். அதற்கு மாத்திரை மாதச் செலவில் சேர்ந்துவிட்டது. நாய் வாங்கும் விலையை மட்டும் பேசுகிறவர்கள் இதையும் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அரை மார்க் குறைத்ததற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். போனை மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறகுதான் எடுப்பார், அதுவும் எடுத்தால் உண்டு. நாக்கு கூர்மை, பொறுமையாகக் கேட்க முடியாதவர்கள் போகாமல் இருப்பது நல்லது. கடைசிப் பாதை மழை பெய்தால் பைக் மட்டும்தான் போகும், நாயைக் கூட்டி வரக் கார் எடுத்துப் போய் நாங்கள் மெயின் ரோட்டிலேயே நிறுத்தி நடந்தோம். மைக்ரோசிப்பில் பெயர் மாற்றம் நான் நச்சரித்து நச்சரித்துத்தான் நடந்தது. நாய் தொலைந்துபோனால் சிப்பில் பழைய பெயர் இருந்து என்ன பிரயோஜனம்? அப்புறம் தீனித்தாள். காலை ஒரு சிரட்டை, ராத்திரி ஒன்றரைச் சிரட்டை என்று எழுதியிருக்கிறார். எந்தச் சிரட்டை, எங்கள் தென்னையிலேயே இரண்டு அளவு காய்க்கிறது. கிராமில் எழுதித் தாருங்கள் என்று சொன்னதற்கு, "எலும்பு தெரிஞ்சா கூட்டு, தெரியலன்னா கொற" என்று பதில் வந்தது. கணக்கு எழுதுகிறவளுக்கு இது போதாது. அரை மார்க் அதற்குத்தான்.

அக்கா திருப்பி அனுப்புகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டுக் காவலுக்கு மட்டும் நாய் வேண்டும் என்று வருகிறவர்களிடம், சிப்பிப்பாறை எதற்கு, உங்கள் தெருவிலேயே குட்டி இருக்குமே என்பார். நாட்டு நாய்க்கு இந்த மழையும் வெயிலும் பழகினது, ஊசியும் கருத்தடையும் நீங்கள் போட்டால் போதும். என்னோடு வேலை செய்யும் பெண் அப்படித்தான் ஆலை வாசலில் பிறந்த குட்டியை எடுத்தாள். டாக்டரிடம் எப்போது போக வேண்டும், பூச்சி மருந்து எப்படிக் கொடுக்க வேண்டும் என்று அக்காவே போனில் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பெண்ணை அக்கா இதுவரை நேரில் பார்த்ததே இல்லை.

இப்போது அங்கே குட்டி இல்லை. அடுத்த ஈத்துக்கும் ஆள் நிறைந்துவிட்டது, ஆனால் நாலு வயதுக் கிடா ஒன்று வீடு தேடிக்கொண்டிருக்கிறது என்று போன வாரம் சொன்னார். அவனை வைத்திருந்தவர்கள் துபாய்க்குக் குடும்பத்தோடு போனதால் ஒப்பந்தப்படி திரும்பி வந்தவன். போகிறவர்கள் மதிலைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள், கட்டாயம் கேட்பார். கோழி வளர்க்கிறவர்கள் போன் பண்ணவே வேண்டாம்.